பூச்சிகளை உயிரோடு பார்க்க ஆசைப்பட்டவர்: யார் இந்த ஃபாபர்?

ஒரு பட்டாம்பூச்சியை மொபைலில் படம் எடுக்க எவ்வளவு நேரம் பொறுமையாக நிற்க முடியும்? இரண்டு நிமிடம்? ஐந்து நிமிடம்? பிரான்ஸில் ஒருவர் ஒரே தோட்டத்தில் 36 ஆண்டுகள் நின்றார், உட்கார்ந்தார், சில நேரம் மண்ணில் படுத்தும் கிடந்தார். அதுவும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் கோடை மதியத்தில். அவர் பெயர் ழான் ஆன்றி ஃபாபர்.

அவர் காலத்தில் பூச்சிகளை ஆராய்வது என்றால் வலை, விஷப் புட்டி, குண்டூசி, கண்ணாடிப் பெட்டி. பிடி, கொல், குத்தி வை, பெயர் எழுது. அவ்வளவுதான். செத்த வண்டின் காலில் எத்தனை கணு என்று எண்ணிச் சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்த வண்டு உயிரோடு இருக்கும்போது என்ன செய்கிறது என்று கேட்கத்தான் ஆள் குறைவு. ஃபாபர் கேட்டார். ஆனால், கேட்டு உட்கார ஒரு இடம் கிடைப்பதற்கே அவருக்கு 55 வயது ஆகிவிட்டது.

எலுமிச்சம்பழம் விற்ற பையன்

1823 டிசம்பரில் தெற்கு பிரான்ஸின் செயின்ட் லியோன் கிராமத்தில் பிறந்தார். குடும்பத்தில் வறுமை. வீட்டில் வாய் ஒன்று குறையட்டும் என்று சிறுவயதில் தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா ஊர் ஊராகப் போய் காபிக்கடை வைத்தார். போன ஊரிலெல்லாம் நஷ்டம். பையன் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றான், ரயில் பாதை போடும் இடத்தில் கூலிக்குப் போனான். கடைசியில் அவின்யோன் நகரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கான உதவித்தொகைத் தேர்வில் ஜெயித்தான். வாழ்க்கை அங்கேதான் திரும்பியது.

18 வயதில் கார்பந்திரா என்ற ஊரில் வாத்தியார் வேலை. நில அளவை சொல்லிக் கொடுக்க மாணவர்களை வெட்டவெளிக்குக் கூட்டிப் போனார். அளவு எடுக்க அனுப்பிய பையன்கள் பாதி வழியில் நின்று கூழாங்கல்லைக் கையில் எடுத்து என்னவோ செய்துகொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், கல்லில் ஒட்டியிருந்த மண்கூட்டை உடைத்து, வைக்கோல் குச்சி விட்டுத் தேன் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரும் சேர்ந்து உறிஞ்சினார். மண்ணால் கூடு கட்டும் அந்தத் தேனீயைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு பூச்சியியல் புத்தகம் வாங்கினார். விலை அவருடைய ஒரு மாதச் சம்பளம்! கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, சம்பளம் எப்போது வரும் என்று எதிர்பார்த்திருந்த காலத்திலும் இந்தப் பழக்கம் போகவில்லை.

பொன்வண்டு ஏன் அழுகவில்லை?

1850-களில் லியோன் துஃபூர் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரை ஒன்று ஃபாபர் கையில் கிடைத்தது. ஒரு வகைக் குளவி பொன்வண்டுகளைப் பிடித்து மண்ணுக்குள் தன் குஞ்சுக்குச் சேர்த்து வைக்கிறது. நாள்கணக்கில் கிடந்தும் அவை அழுகுவதில்லை. குளவியின் விஷத்தில் கெடாமல் காக்கும் மருந்து இருக்கிறது என்பது துஃபூரின் முடிவு.

ஃபாபருக்கு அது போதவில்லை. அதே இனத்தைச் சேர்ந்த, கூன்வண்டைப் பிடிக்கும் இன்னொரு குளவியைத் தேடிப் போனார். வளைக்குள்ளிருந்து எடுத்த வண்டுகளைக் கூர்ந்து பார்த்தார். மின்சாரம் கொடுத்தால் அவற்றின் கால் துடிக்கிறது. அப்படியானால் அது பிணம் இல்லை. உயிர் இருக்கிறது, அசைய முடியவில்லை. குளவி சுமந்து வரும் வண்டைப் பிடுங்கிவிட்டு, உயிருள்ள வண்டு ஒன்றை அதன் முன் வைத்தார். குளவி அதைப் புரட்டி, மார்புப் பகுதியின் அடியில், நரம்பு முடிச்சு இருக்கும் இடமாகப் பார்த்துக் கொட்டியது. பிறகு அவரே ஊசியில் அமோனியா தொட்டு அதே இடத்தில் குத்திப் பார்த்தார். வண்டு அதேபோல் முடங்கியது. ஆக, குளவி செய்வது கொலை இல்லை, மயக்க ஊசி. குஞ்சுக்குத் தேவை கெடாத இறைச்சி. அதை உயிரோடு வைத்திருப்பதுதான் வழி.

குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாக மாறிவிடும் என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. பக்தி விளக்கத்தில்கூட அந்த உவமை வரும். ஜன்னல் ஓரத்து மண்கூட்டுக்குள் குளவி புழுவை வைத்து மூடும், பின்னர் குளவி வெளியே வரும். பார்த்தவர்கள் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த மூடிய கூட்டுக்குள் நடப்பது ஏறக்குறைய ஃபாபர் பார்த்ததுதான்: முடங்கிய புழு குஞ்சின் சாப்பாடு.

இந்த ஆராய்ச்சிக்குப் பிரெஞ்சு அறிவியல் அகாதமி பரிசு கொடுத்தது. டார்வின் பின்னாளில் அவரை ஒப்பற்ற அவதானிப்பாளர் என்று பாராட்டினார். ஆனால் அவின்யோன் பள்ளியில் சம்பளம் உயரவில்லை, பதவியும் உயரவில்லை. ஊர்க்காரர்களுக்கு அவர் ஒரு மாதிரியான ஆளு. ஒருநாள் காலையில் திராட்சை பறிக்கப் போன மூன்று பெண்கள், வழியில் கல்லின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்தால் அதே கல், அதே ஆள், அதே பார்வை. ஒரு பெண் நெற்றியைத் தொட்டு, பாவம் கிறுக்கு என்பதுபோல் ஜாடை காட்ட, மூவரும் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

1865-இல் லூயி பாஸ்டர் அவர் வீட்டுக்கு வந்தார். பட்டுப்புழு நோயை ஆராய வந்த பாஸ்டருக்குப் பட்டுக்கூட்டுக்குள் என்ன இருக்கும் என்பதே தெரியாது. கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஃபாபர் அசந்துபோனார். கேலியாகச் சொல்லவில்லை, முன்முடிவு எதுவும் இல்லாமல் இறங்குவதும் ஒரு பலம் என்று பின்னாளில் இதையே உதாரணமாக எழுதினார்.

வேலையும் போச்சு, வீடும் போச்சு

பணக் கஷ்டம் தீர ஃபாபர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அந்தப் பகுதியில் மஞ்சிட்டி இனச் செடியைப் பயிரிட்டு, அதன் வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பார்கள். அந்தச் சாயத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கும் முறையை ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கினார். தொழில் சூடுபிடிக்கும் நேரத்தில், 1868-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் அதே சாயத்தைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். எல்லாம் வீண்.

அடுத்த அடி இன்னும் மோசம். கல்வி அமைச்சர் விக்தோர் துருயி ஃபாபர்மேல் மதிப்பு வைத்தவர். அவர் கொண்டுவந்த திட்டத்தின்படி அவின்யோனில் இலவச மாலை வகுப்புகள் நடத்தினார் ஃபாபர். பெண்களும் வந்து கேட்டார்கள். பூவில் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று அவர்களுக்கு விளக்கினார். அது பெரும் குற்றமாகிவிட்டது. இளம்பெண்களிடம் பேசுகிற பேச்சா இது என்று மதவாதிகளும் பழமைவாதிகளும் கொதித்தார்கள். வேலையை விட வேண்டியதாயிற்று. 1870-இல் வீட்டுக்காரர்களும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஐந்து குழந்தைகள், கையில் காசு இல்லை. அப்போது 3,000 பிராங்க் கொடுத்துக் காப்பாற்றியவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். மனைவியின் கல்லறை இருக்கும் ஊர் என்பதால் அவின்யோனில் தங்கியிருந்தவர். இருவரும் சேர்ந்து செடி தேடிப் போன நண்பர்கள். பத்திரம்கூட எழுதி வாங்கவில்லை. பள்ளிப் பாடநூல்கள் எழுதி ஃபாபர் அந்தக் கடனை அடைத்தார்.

1877-இல் மகன் ஜூல் 16 வயதில் இறந்தான். அப்பாவோடு பூச்சி தேடி அலைந்தவன். தான் புதிதாக விவரித்த மூன்று குளவி இனங்களுக்கு ஃபாபர் அவன் பெயரை வைத்தார்.

ஒரு ஹெக்டேர் முட்காடு

பாடநூல் வருமானத்தைச் சேர்த்து 1879-இல் செரினியோன் கிராமத்தில் ஓர் இடம் வாங்கினார். சுமார் ஒரு ஹெக்டேர். கல்லும் முள்ளும் நிறைந்த தரிசு. அந்தப் பக்கத்து மொழியில் இப்படிப்பட்ட நிலத்துக்கு அர்மாஸ் என்று பெயர். அதுவே தோட்டத்தின் பெயரும் ஆனது. விவசாயிகள் கண்டுகொள்ளாத அந்த மண்ணில் முட்செடிகள் பூத்தன. பூவைத் தேடி தேனீ, குளவி, பட்டாம்பூச்சி எல்லாம் வந்தன. அவருக்கு வேண்டியதும் அதுதான். அதே ஆண்டு அவருடைய பூச்சியியல் நினைவுகள் நூலின் முதல் தொகுதி வந்தது. 1907-க்குள் பத்துத் தொகுதிகள்.

கருவிகள்? பூதக்கண்ணாடி, மண் நிரப்பிய சட்டி, அடுப்படியில் இறைச்சியை ஈ மொய்க்காமல் மூடும் கம்பி வலைக்கூடை. அந்தக் கூடைக்குள்தான் பெண் கும்பிடுபூச்சி தன் இணையையே தின்பதைப் பார்த்து எழுதினார். சாணவண்டு உருட்டும் உருண்டைக்குள் முட்டை இருக்கும் என்று அதுவரை நம்பினார்கள். அது வெறும் சாப்பாடு, முட்டை மண்ணுக்கடியில் பேரிக்காய் வடிவ உருண்டையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஆட்டுக்காரப் பையனின் உதவியோடு பல பத்தாண்டு தேட வேண்டியிருந்தது.

ஆனால், அந்தத் தோட்டத்தின் பெரிய கதை அந்துப்பூச்சிக் கதைதான். ஒரு மே மாதக் காலையில் ஐரோப்பாவின் மிகப் பெரிய அந்துப்பூச்சி இனத்தின் பெண் ஒன்று அவர் அறையில் கூட்டைவிட்டு வெளியே வந்தது. வலைக்கூடையில் மூடி வைத்தார். இரவு ஒன்பது மணிக்கு, தூங்கப் போன சின்ன மகன் பால் கத்திக் கூப்பிட்டான். வீடு முழுக்க பறவை அளவு பூச்சிகள்! சுமார் 40 ஆண் பூச்சிகள் இருட்டில் எங்கிருந்தோ வந்திருந்தன. எட்டு இரவுகளில் 150. எப்படித் தெரிந்துகொண்டன? கண்ணாலா, ஒலியாலா, வாசனையாலா?

விடை சொன்னது வேறொரு இனம். அதன் ஆண்கள் கொளுத்தும் கோடை வெயிலில், பிற்பகலில் பறப்பவை. ஒருமுறை சோதனை பாதியில் நிற்க, அடுத்த பெண் பூச்சி கிடைக்க மூன்று ஆண்டுகள் காத்திருந்தார். இந்த முறை பெண் பூச்சியைக் கண்ணாடி மூடிக்குள் ஜன்னலோரம், நன்றாகத் தெரியும்படி வைத்தார். முந்தைய இரவு அது தங்கியிருந்த மண் சட்டியை அறையின் மூலையில் தள்ளினார். பறந்து வந்த ஆண்கள் கண்ணெதிரே இருந்த பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே காலிச் சட்டிக்குப் போய் மொய்த்தன. மனித மூக்குக்கு எட்டாத ஒரு வாசனை அந்த மண்ணில் ஒட்டியிருந்தது என்று முடிவுக்கு வந்தார். 1959-இல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பூடெனான்ட் ஏறக்குறைய ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளைப் பயன்படுத்தி அப்படியொரு வாசனைப் பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று வயல்களில் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறி இந்த வழியில் வந்ததுதான்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரி என்று இல்லை. மரத்தில் கத்தும் சில்வண்டுகளுக்குக் காது கேட்குமா என்று பார்க்க, திருவிழா வேட்டுக் குழாயைக் கொண்டுவந்து மரத்தடியில் வெடித்தார். பாட்டு நிற்கவில்லை. செவிடு என்று எழுதிவிட்டார். உண்மையில் சில்வண்டுக்குக் கேட்கும் உறுப்பு உண்டு. குளவி கொட்டும் இடம் அவர் நினைத்த அளவுக்குத் துல்லியம் இல்லை, சில நேரம் இரை செத்தும் போகிறது என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். டார்வினோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தும், அவர் சொன்ன யோசனைப்படி தேனீக்களைப் பெட்டியில் போட்டுச் சுழற்றிவிட்டுப் பார்த்தும்கூட, பரிணாமக் கொள்கையைக் கடைசிவரை ஏற்கவில்லை. இது அவருடைய பெரிய பிடிவாதம்.

மகன் கையில் கேமரா

அன்று இரவு கத்திய சின்னப் பையன் பால் ஆன்றி வளர்ந்து கேமராவைக் கையில் எடுத்தான். அப்பா வார்த்தையில் சொன்ன பூச்சிகளையும் கூடுகளையும் அவன் படமாக்கினான். அந்தப் படங்கள் பின்னாளில் அவர் நூல்களின் பதிப்புகளில் சேர்ந்தன. இன்றைய மொபைல் போல நொடிக்குப் பத்துப் படம் தட்ட முடியாத காலம். பூச்சி எப்போது அசையாமல் நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அப்பாவிடம் அது தாராளமாகக் கிடைத்திருக்கும்.

புகழ் தாமதமாக வந்தது. பாடநூல் விற்பனை குறைந்து மறுபடியும் கஷ்டம். 1910 ஏப்ரலில் நண்பர்கள் விழா எடுத்த பிறகுதான், 86 வயதில், நாடு திரும்பிப் பார்த்தது. 1913-இல் குடியரசுத் தலைவர் புவங்கரே வீட்டுக்கே வந்து மரியாதை செய்தார். அதற்குள் கண்பார்வை மங்கி, நடையும் தளர்ந்துவிட்டது. 1915 அக்டோபர் 11 அன்று, முதல் உலகப் போரின் நடுவே, 91 வயதில் இறந்தார்.

ஜப்பானில் அவருடைய நூல் 1920-களில் மொழிபெயர்க்கப்பட்டு, பிறந்த நாட்டைவிட அங்கேதான் பிள்ளைகளிடம் அதிகமாகப் பரவியது. அர்மாஸை 1922-இல் பிரெஞ்சு அரசு வாங்கியது. இப்போது அது தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் தோட்டத்தில் நடக்கலாம். அவர் பத்துத் தொகுதிகளையும் எழுதிய குட்டி மேசையும் அங்கேதான் இருக்கிறது.