தமிழறியாத் தலைவர்

எங்கள் எர்ணாவூரில் மாலை ஏழு மணிக்குக் கடைத்தெருவில் நின்றால் ஐந்து மொழிகள் காதில் விழும். தமிழும் தெலுங்கும் என்றும் உள்ளவை. ஒடியாவும் போஜ்புரியும் வங்காளமும் அண்மையில் வந்து சேர்ந்தவை. மணலி, எண்ணூர்ப் பகுதி ஆலைகளுக்கும் கண்டெய்னர் யார்டுகளுக்கும் ஒப்பந்தக்காரர்கள் அழைத்து வந்த இளைஞர்கள், பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேராக எங்கள் தெருவில் குடியிருக்கிறார்கள். அவர்களுக்காக மளிகைக் கடைக்காரர் கடுகெண்ணெய் வாங்கி வைக்கிறார். ஒரே குழாயில் அவர்களும் நாங்களும் தண்ணீர் பிடிக்கிறோம். ஆனால் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. எங்களுக்கு அவர்கள் எல்லோரும் 'ஹிந்திக்காரப் பசங்க'. அவர்களுக்கு நாங்கள் எல்லோரும் 'அண்ணா'.

நாலா திசையிலிருந்தும் மக்கள் வந்து குவிவதால் மட்டும் ஓர் ஊர் மாநகரம் ஆகிவிடுமா, அல்லது ஒன்றை ஒன்று திரும்பிப் பாராத பல சிற்றூர்களின் கூட்டமாகவே நின்றுவிடுமா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. பேச்சுப் போட்டி ஒன்றுக்காகத் தொழிற்சங்க வரலாற்றைப் படிக்கப் போன இடத்தில், இந்த ஐயத்தோடு தொடர்புடைய ஒருவரைச் சந்தித்தேன். அவர்தான் பி. பி. வாடியா. மே தினக் கூட்டங்களில் அவர் பெயரைச் சொல்வார்கள். அவர் எப்படி இங்கே வந்தார், எப்படிப் போனார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

பகமன் பெஸ்டன்ஜி வாடியா 1881-இல் பம்பாயில் பிறந்த பார்சி. இளமையிலேயே பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்தார். சென்னை அடையாற்றில் உள்ள அச்சங்கத்தின் தலைமையகத்துக்கு வந்து, அதன் நூல் வெளியீட்டுப் பணியைக் கவனித்தார். அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' நாளிதழில் துணை நின்றார். தன்னாட்சி இயக்கத்தில் ஈடுபட்டதற்காக 1917-இல் அம்மையாரோடும் அருண்டேலோடும் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டார். இதுவரை அவர் வாழ்வு படித்தவர்களிடையே நிகழ்ந்த வாழ்வுதான். கூவத்துக்கு வடக்கே என்ன நடக்கிறது என்பது அடையாற்று ஆலமரத்தடியில் எட்டாத செய்தி.

பார்சிகள் சென்னைக்குப் புதியவர்கள் அல்லர். நம் இராயபுரத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவர்கள் குடியேறினார்கள். 1910-இல் கட்டிய அவர்களுடைய தீக்கோயில் இன்றும் அங்கே உண்டு. அதன் வாசல் வழியாக எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். அது என்ன கட்டடம் என்று வாடியாவைப் படித்த பிறகுதான் கேட்டறிந்தேன். பக்கத்தில் இருப்பதை அறியாமல் இருபது வயது வரை வாழ்ந்துவிட முடிகிறது.

வாடியாவை வடக்கே இழுத்து வந்தவர்கள் இருவர். ஒருவர் செல்வபதி செட்டியார். பெரம்பூர் பின்னி ஆலைகளுக்கு அருகில் துணிக்கடை வைத்திருந்தவர். மற்றவர் அவருடைய நண்பர் இராமானுஜலு நாயுடு. இருவரும் ஒரு பக்தி சபையை நடத்தி வந்தார்கள். சபைக்கும் கடைக்கும் வந்த ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்லி அழுதார்கள். விடியும்முன் எழுந்து ஆலைக்கு ஓடவேண்டும். பொழுது சாய்ந்துதான் வெளியே வரலாம். இடையில் சோறு தின்ன அரை மணி நேரம். மேஸ்திரியின் அடியும் வசவும் தனி. கேட்டுக்கொண்டிருந்த இருவரும் 'நியூ இந்தியா' அலுவலகத்துக்கு நடந்து போய் வாடியாவைப் பார்த்தார்கள்.

வாடியா 1918 ஏப்ரலில் பெரம்பூருக்கு வந்தார். ஆலை வாசலுக்கே சென்று, தொழிலாளர்கள் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு சங்கொலிக்கு ஓடுவதைக் கண்ணால் கண்டார். அம்மாதம் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே என்பர். தலைவர் வாடியா. 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு.வி.க. அவருக்குத் துணையாக நின்றார்.

வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. தெலுங்கும் தெரியாது. அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் தமிழும் தெலுங்கும் உருதும் பேசிய பல்லாயிரம் பேர். செங்கற்பட்டு, வட ஆற்காடு, நெல்லூர் என்று பல பக்கத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். வாடியா ஆங்கிலத்தில் பேசுவார். ஒரு வாக்கியம் முடிந்ததும் தமிழில் அது சொல்லப்படும். கூட்டம் காத்திருந்து கேட்கும். வாரந்தோறும் இப்படியே நடந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், நாளெல்லாம் தறி இரைச்சலில் நின்று அலுத்த மனிதர்கள், புரியாத மொழியில் ஒருவர் பேசுவதையும் பிறகு அது புரியும் மொழியில் வருவதையும் பொறுமையோடு கேட்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். மேடையில் மொழிபெயர்த்தவர்களுக்கும், கடையில் உட்கார்ந்து குறை கேட்ட செட்டியாருக்கும் வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளே தருகின்றன. அவர்கள் இல்லாவிட்டால் வாடியா அடையாற்றோடு நின்றிருப்பார்.

சங்கம் பெற்ற முதல் வெற்றி சிறியது. உணவு இடைவேளை முப்பது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம்தானே என்று நண்பர்கள் நினைக்கலாம். என் தந்தையார் ஒப்பந்தத் தொழிலாளி. சாப்பாட்டு டப்பாவைப் பாதியோடு மூடி அவர் திரும்பக் கொண்டுவரும் நாள்கள் உண்டு. அந்தப் பத்து நிமிடத்தின் விலை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

1919-இல் வாடியா இலண்டன் சென்று நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அவ்வாண்டு வாஷிங்டனில் கூடிய முதல் உலகத் தொழிலாளர் மாநாட்டில், இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என். எம். ஜோஷிக்கு ஆலோசகராக இருந்தார். பெரம்பூர் ஆலை வாசலில் கண்டது உலக அரங்குக்குச் சென்றது. அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1920 அக்டோபரில் ஆலையில் கதவடைப்பு. டிசம்பர் 9-ஆம் நாள் போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். தொழிலாளரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று வாடியாவின் மேலும் சங்கத்தார் மேலும் பின்னிக் கம்பெனி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, பெருந்தொகை நட்டஈடு கேட்டது. அன்று சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதுமில்லை. 1921 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலகவேண்டும் என்பது அதன் நிபந்தனை. அவர் விலகினார். இந்த வழக்கு எழுப்பிய கண்டனமும் சேர்ந்துதான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி செய்தது.

அவர் விலகிய சில மாதங்களில் நடந்தவற்றை மே தினக் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. 1921-இல் மீண்டும் வேலை நிறுத்தம் வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்கள் வீட்டில் பசி பெரிது. தங்களைச் சமமாக நடத்தாதவர்களோடு சேர்ந்து பட்டினி கிடப்பானேன் என்ற கேள்வியும் அவர்களுக்கு இருந்திருக்கும். அதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், ஆதிதிராவிடர் ஒரு பக்கம். குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. அக்டோபரில் வேலை நிறுத்தம் முறிந்தது.

இந்தப் பகுதியைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த, தமிழறியாத ஒரு பார்சியைத் தலைவராக ஏற்க இந்நகர் ஒரு நொடியும் தயங்கவில்லை. அதே நகரின் தொழிலாளி, பக்கத்துத் தறியில் நின்றவனைப் பக்கத்துக் குடிசைக்காரனாக ஏற்கவில்லை. வாடியா படித்தவர், வசதியுள்ளவர், கோட்டைக்குக் கடிதம் எழுத வல்லவர். அவரே பத்துக்குப் பத்து அறையில் எட்டில் ஒருவராக வந்து இறங்கியிருந்தால் பெரம்பூர் மாலை போட்டிருக்குமா?

வாடியாவின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1922-இல் அடையாற்றுச் சங்கத்தை விட்டு நீங்கி, வேறொரு பிரம்மஞான அமைப்பில் சேர்ந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பணியாற்றினார். தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் பிறந்த சோபியா அம்மையாரை மணந்தார். தாயகம் திரும்பி 1945-இல் பெங்களூரில் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் வேர்ல்டு கல்ச்சர் என்னும் நிலையத்தை நிறுவினார். 1958-இல் அந்நகரிலேயே காலமானார். அவர் சங்கம் கண்ட பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது.

என் தந்தையார் வாடியா கதையை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, அவர் கூலி கேட்க வந்தவர், இவர்கள் கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்றார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அவர் வேலை செய்த இடத்தில், குறைந்த கூலிக்கு வடக்கிலிருந்து ஆள் வந்ததும் இவர்களுக்கு மாதத்தில் பத்து நாள் வேலை போயிற்று. ஆனால் கூலியைக் குறைத்தது ஒப்பந்தக்காரர். அந்தப் பையன் அல்லன். இதைச் சொன்னபோது அவர் பேசவில்லை. என் தாத்தா செய்யாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு துணி மூட்டையோடு வந்து இறங்கியவர்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு இறுதியில் எங்கள் தெரு ஒடிசாப் பையன் ஒருவனுக்கு வேலையிடத்தில் வலக்கை நசுங்கியது. அவன் எங்கள் ஆளே இல்லை என்று ஒப்பந்தக்காரர் கைவிரித்துவிட்டார். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் மனு எழுத என்னிடம் வந்தார்கள். முதல் வரியில் பெயர் வேண்டும். ஓராண்டாகக் குழாயடியில் பார்த்த அவனிடம் அன்றுதான் பெயர் கேட்டேன். ஆறாண்டுகளாக இங்கிருந்து தமிழ் பழகிய மற்றோர் ஒடிசாக்காரர் நடுவில் உட்கார்ந்து, நான் எழுதியதை வரி வரியாக அவனுக்குச் சொன்னார். இடக்கையால் அவன் கையெழுத்துப் போட்டான். வாசலில் நின்ற அப்பா, எந்த அலுவலகத்தில் கொடுக்கவேண்டும், நகல் எத்தனை வேண்டும், முத்திரை போட்ட ரசீது வாங்காமல் வரக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்கு இவை எல்லாம் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

விசாரணைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அப்பா அன்று வேலைக்குப் போகப்போவதில்லை என்று மேஸ்திரியிடம் இப்பொழுதே சொல்லிவிட்டார்.