மூன்றே பந்துகள்
(ரமன் லாம்பாவின் வாழ்க்கை வரலாறு)

நுழையுமுன்

புத்தலப்பட்டு, சித்தூர், திருப்பதி ஆகிய ஊர்களின் திடல்களில் மாலை வேளைகளில் கபடியும் கிரிக்கெட்டும் ஆடும் சிறுவர் சிறுமியரைக் காணலாம். ஆட்டத்தில் முழங்கால் சிராய்த்தால் குருதி வெளியே தெரிகிறது. உடனே கழுவி மருந்திடுகிறோம். தலையில் அடிபட்டால் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. அடிபட்டவர் எழுந்து நின்றுவிட்டால் எல்லாரும் ஆறுதல் அடைந்து, ஆட்டத்தைத் தொடர்கிறோம். அவ்வாறு எழுந்து நடந்த ஒரு பெரிய வீரரின் வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

பிறப்பும் வளர்ச்சியும்

ரமன் லாம்பா 1960ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் உத்தரப்பிரதேச மாநிலத்தின் மீரட் நகரில் பிறந்தார். வலக்கை மட்டையாளராகிய இவர், தில்லி அணிக்காக விளையாடிப் புகழ்பெற்றார். உடற்பயிற்சிக்கு இன்றுள்ள மதிப்பு நம் நாட்டுக் கிரிக்கெட்டில் ஏற்படாத காலம் அது. அக்காலத்திலேயே லாம்பா ஓட்டத்தையும் உடற்பயிற்சியையும் நாள்தோறும் தவறாத கடமையாகக் கொண்டார். நெடுநேரம் களைப்பின்றி மட்டை பிடிக்கும் ஆற்றல் அவருக்கு இதனால் வாய்த்தது.

1986ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அணி இந்தியாவிற்கு வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் ஜெய்ப்பூரில் நடைபெற்ற ஒருநாள் போட்டியில் லாம்பா முதன்முதலாக இந்திய அணியில் களமிறங்கினார். முதல் ஆட்டத்திலேயே 64 ஓட்டங்கள் எடுத்தார். ஆறு போட்டிகள் கொண்ட அத்தொடரில் ஒரு சதமும் இரண்டு அரைச்சதங்களும் உட்பட 278 ஓட்டங்கள் குவித்துத் தொடர்நாயகன் விருதையும் வென்றார். புதிதாக வந்த ஒருவர் தொடக்க ஆட்டக்காரராக இவ்வாறு ஒளிவீசியதைக் கண்டு நாடே வியந்தது.

உள்நாட்டில் ஓங்கிய புகழ்

பன்னாட்டு அரங்கில் அவருடைய தொடக்கம் சிறப்பாக இருந்தும் பயணம் நீளவில்லை. நான்கு டெஸ்ட் போட்டிகளும் 32 ஒருநாள் போட்டிகளும் மட்டுமே அவருக்குக் கிடைத்தன. 1989ஆம் ஆண்டு பாகிஸ்தான் பயணத்தின்போது கராச்சி டெஸ்டில் ஆட அவருக்கு வாய்ப்பு வந்தது. ஆனால் கால்விரலில் ஏற்பட்ட காயத்தால் விலக நேர்ந்தது. அவருக்கு மாற்றாகக் களமிறங்கிய அசாருதீன் ஒரே இன்னிங்சில் ஐந்து பந்துகளைப் பிடித்து அணியில் தம் இடத்தை உறுதி செய்துகொண்டார். ஒரு சிறு காயம் ஒரு வீரரின் வாழ்வை எவ்வாறு திருப்பிவிடும் என்பதை லாம்பா அன்றே அறிந்திருப்பார்.

எனினும் அவர் மனம் தளரவில்லை. துலீப் கோப்பைப் போட்டியில் வடக்கு மண்டலத்திற்காக ஆடி, மேற்கு மண்டலத்திற்கு எதிராக 320 ஓட்டங்கள் எடுத்தார். 1994–95 பருவத்தில் இமாசலப்பிரதேச அணிக்கு எதிராக 312 ஓட்டங்கள் குவித்தார். அவ்வாட்டத்தில் அவரும் ரவி சேகலும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்த ஓட்டங்கள் 464. முதல்தரப் போட்டிகள் 121இல் ஆடி 8,776 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய சராசரி ஐம்பதுக்கும் மேலானது.

அவர் கோபமே அறியாதவர் அல்லர். துலீப் கோப்பை இறுதியாட்டம் ஒன்றில் மூண்ட பூசலால் சில மாதங்கள் ஆடத் தடையும் பெற்றார். தடைக்காலம் முடிந்தபின் முன்னிலும் முனைப்பாக ஆடினார் என்பதே அவருடைய பெருமை.

கடல் கடந்த ஆட்டம்

கிரிக்கெட்டே லாம்பாவின் வாழ்வாயிற்று. இந்தியாவில் பருவம் முடிந்தவுடன் அயர்லாந்து சென்று அங்குள்ள கழகங்களுக்காக ஆடினார். அந்நாட்டைச் சேர்ந்த பெண்ணையே மணந்தார். வங்காளதேசத்தின் தலைநகராகிய டாக்காவில் அபாஹனி அணிக்காகப் பல பருவங்கள் விளையாடினார். அக்காலத்தில் வங்காளதேசம் டெஸ்ட் தகுதி பெறாத நாடு. அந்நாட்டு இளைஞர்கள் அவரோடு ஒரே அணியில் நின்று, பயிற்சியின் ஒழுங்கையும் பொறுமையான ஆட்டத்தையும் கற்றனர். டாக்காவின் மக்கள் அவரைத் தம்முள் ஒருவராகவே போற்றினர்.

1998, பிப்ரவரி 20

அன்று டாக்காவின் வங்கபந்து விளையாட்டரங்கில் அபாஹனி அணியும் மொகமதன் ஸ்போர்ட்டிங் அணியும் மோதின. அபாஹனி அணி பந்துவீசிக்கொண்டிருந்தது. ஓவரில் மூன்று பந்துகள் எஞ்சியிருந்த நிலையில், லாம்பா மட்டையாளருக்கு மிக அருகில், ஃபார்வர்ட் ஷார்ட் லெக் என்னும் இடத்தில் நிறுத்தப்பட்டார். மட்டையாளரின் எதிரில் சில அடித் தொலைவில் குனிந்து நிற்கும் இடம் அது. விரைந்து வரும் பந்தைக் கண்டு விலக அங்கு நேரமே இராது.

தலைக்கவசம் வேண்டுமா என்று கேட்கப்பட்டது. இன்னும் மூன்று பந்துகள்தாமே என்று கருதி லாம்பா வேண்டாம் என்றார். பல்லாண்டு அனுபவமும் துணிவும் உடைய அவருக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

சைபுல்லா கான் வீசிய பந்தை மெக்ராப் உசேன் வலுவாக அடித்தார். பந்து லாம்பாவின் தலையில் மோதித் திரும்பி, விக்கெட் காப்பாளர் காலித் மசூதின் கைகளில் விழுந்தது. மட்டையாளர் ஆட்டமிழந்தார். லாம்பா கீழே விழுந்தார், பின்னர் எழுந்தார், தாமே நடந்து வீரர்களின் அறைக்குச் சென்றார். காயம் கடுமையானதாக அப்போது தோன்றவில்லை.

ஆனால் மண்டையோட்டுக்குள் குருதி கசியத் தொடங்கியிருந்தது. சிறிது நேரத்தில் அவருடைய நிலை மோசமாயிற்று. மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்ட அவர் நினைவிழந்தார். தில்லியிலிருந்து மூளை அறுவை மருத்துவர் ஒருவர் வானூர்தியில் வரவழைக்கப்பட்டார். அவராலும் நம்பிக்கை தர இயலவில்லை. பிப்ரவரி 23ஆம் நாள் ரமன் லாம்பா உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 38. மனைவியும் இரு சிறு குழந்தைகளும் அவரை இழந்தனர். பந்தை அடித்தவரிடமோ வீசியவரிடமோ குற்றம் ஏதும் இல்லை. விளையாட்டின் ஒரு நொடி அது. காப்பின்றி நின்ற ஒரு நொடியும் அதுவே.

தலைக்குள் நிகழ்வது என்ன?

நம் மூளை மண்டையோட்டுக்குள் ஒரு நீர்மத்தால் சூழப்பட்டிருக்கிறது. தலை வலுவாக மோதும்போதோ திடீரெனத் திரும்பும்போதோ மூளை உள்ளே குலுங்குகிறது. அதனால் அதன் செயல் சிறிது காலம் தடுமாறுவதே மூளையதிர்ச்சி எனப்படும். தலைவலி, வாந்தி, தலைச்சுற்றல், பார்வை மங்கல், மறதி, குழப்பம், மிகுந்த உறக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். இவை உடனே தோன்றலாம். சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். நினைவு தப்பாமலேயும் மூளையதிர்ச்சி ஏற்படும். லாம்பாவுக்கு நேர்ந்த குருதிக் கசிவு இதனினும் கொடியது. எனினும் தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். எழுந்து நடப்பது நலத்திற்குச் சான்றாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

மூளையதிர்ச்சி ஆறுவதற்கு ஓய்வு தேவை. ஆறுவதற்குள் மீண்டும் அடிபட்டால் தீங்கு பன்மடங்காகும். கால்பந்து, குத்துச்சண்டை, கபடி போன்ற ஆட்டங்களில் தலை பலமுறை மோத நேர்வதால், இக்கேடு பல்லாண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். இங்கிலாந்தின் கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் தலையால் பந்தை முட்டிக் கோல் அடிப்பதில் வல்லவர். அவர் நினைவாற்றலை இழந்து, 2002இல் தம் 59ஆம் வயதில் இறந்தார். ஆண்டுக்கணக்கில் பந்தைத் தலையால் முட்டியதால் நேர்ந்த தொழில்சார் நோயே அவருடைய இறப்புக்குக் காரணம் என்று அங்குள்ள இறப்பு விசாரணை அலுவலர் முடிவு கூறினார். லாம்பாவை ஓர் அடி மூன்று நாளில் கொண்டுசென்றது. ஆஸ்டிலைச் சிறு சிறு அடிகள் பல்லாண்டுகளில் கொண்டுசென்றன.

மாறிய விதிகள்

இந்தியக் கிரிக்கெட்டில் தலைக்காயம் லாம்பாவோடு தொடங்கியதன்று. 1962ஆம் ஆண்டு பார்படாசு தீவில் இந்திய அணியின் தலைவர் நரி கான்ட்ராக்டர் வேகப்பந்து தாக்கி மண்டையோடு உடைந்தார். மேற்கிந்தியத் தீவுகள் அணியின் தலைவர் பிராங்க் வோரெல் அவருக்குக் குருதிக்கொடை அளித்தார். கான்ட்ராக்டர் உயிர் பிழைத்தார். ஆயினும் அதன்பின் டெஸ்ட் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

இன்று மட்டையாளருக்கு அருகில் நிற்கும் களத்தடுப்பாளர் தலைக்கவசம் அணிவது இயல்பாகிவிட்டது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல், மூளையதிர்ச்சி அடைந்த வீரருக்கு மாற்றாக வேறொருவர் முழுமையாக ஆடலாம் என்னும் விதி பன்னாட்டுக் கிரிக்கெட்டில் நடைமுறைக்கு வந்தது. 2020இல் கான்பெராவில் தலைக்கவசத்தில் பந்து தாக்கிய பின்னும் ரவீந்திர ஜடேஜா தம் ஆட்டத்தை முடித்தார். பின்னர் அவருக்கு மாற்றாகச் சாகல் வந்து பந்து வீசினார். முன்பு அடிபட்ட வீரர், தாம் விலகினால் அணி குறைந்துவிடும் என்று அஞ்சி வலியை மறைப்பார். அந்த அச்சத்தை நீக்கியதே இவ்விதியின் சிறப்பு.

நம் திடலில்

பள்ளித் திடலில் மருத்துவர் இல்லை. மாற்று வீரர் விதியும் இல்லை. அங்கே நண்பர்களே ஒருவருக்கொருவர் காவல். கபடியில் பிடிக்கும்போது தலையோடு தலை மோதினால் ஆட்டத்தை நிறுத்துவோம். அடிபட்டவர் தமக்கு ஒன்றுமில்லை என்று கூறினாலும் அன்று மீண்டும் களமிறங்க விடோம். அவரைத் தனியே வீட்டிற்கு அனுப்பாமல் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் நடந்ததைக் கூறுவோம். வாந்தி, மயக்கம், குழப்பம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108 எண்ணை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புவோம். வலியைச் சொல்வது கோழைத்தனம் அன்று. 320 ஓட்டங்கள் எடுத்த வீரரின் தலையும் நம் தலையைப் போன்று மெல்லிய எலும்பால் ஆனதே.

லாம்பா வேண்டாம் என்று ஒதுக்கிய தலைக்கவசத்தை இன்றைய வீரர்கள் கேட்காமலே அணிகின்றனர். ஆட்டத்தில் எஞ்சியவை மூன்று பந்துகளாயினும் முந்நூறு பந்துகளாயினும் காப்பு ஒன்றே.

சொற்பொருள்

திடல் – விளையாடும் வெளி
பருவம் – ஆட்டங்கள் நடைபெறும் காலம்
பூசல் – சண்டை
முனைப்பு – ஊக்கம்
எஞ்சிய – மீதமுள்ள
நீர்மம் – திரவம்
களத்தடுப்பாளர் – பந்தைத் தடுத்துப் பிடிப்பவர்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ரமன் லாம்பா பிறந்த ஊர் ____________.
2. துலீப் கோப்பையில் அவர் எடுத்த பெரிய ஓட்ட எண்ணிக்கை ____________.
3. நரி கான்ட்ராக்டருக்குக் குருதிக்கொடை அளித்தவர் ____________.

ஆ. பிரித்து எழுதுக.
1. மூளையதிர்ச்சி  2. தலைக்கவசம்  3. உடற்பயிற்சி

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. லாம்பா தலைக்கவசத்தை ஏன் மறுத்தார்?
2. மூளையதிர்ச்சியின் அடையாளங்கள் நான்கினை எழுதுக.
3. மாற்று வீரர் விதி எந்த அச்சத்தை நீக்கியது?

ஈ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. லாம்பாவுக்கும் ஆஸ்டிலுக்கும் நேர்ந்தவற்றை ஒப்பிட்டு, ஒற்றுமையையும் வேற்றுமையையும் விளக்குக.
2. எழுந்து நடப்பது நலத்திற்குச் சான்றாகாது என்பதைப் பாடத்தின் வழி நிறுவுக.

உ. செயல்பாடு
கபடி ஆட்டத்தில் உன் தோழனுக்கோ தோழிக்கோ தலையில் அடிபட்டது. ஆட்டம் வெற்றியின் விளிம்பில் இருக்கிறது. அடிபட்டவர் தொடர்ந்து ஆட விரும்புகிறார். அவரிடம் நீ என்ன கூறுவாய்? குழுவாக உரையாடிப் பத்துத் தொடர்களில் எழுதுக.