பிடிலில் சுருதி கூட்டிய பெருந்தகை

நினைத்த அளவில் முத்தி தரும் தலம் என்று பெரியோர் போற்றுவது திருவண்ணாமலை. செஞ்சி சாலையில் அத்தலத்திற்கு அணித்தாய் அமைந்த கீழ்பென்னாத்தூரின் அன்பர்களுக்கு அண்ணாமலையார் அண்டை வீட்டுத் தெய்வம். அக்கினி லிங்கமாய் விளங்கும் அப்பெருமான்மீது முத்துஸ்வாமி தீக்ஷிதர் சாரங்க ராகத்தில் இயற்றியது அருணாசலநாதம் என்னும் கீர்த்தனை. இன்று அதனைப் பாடும் வித்வானுக்குப் பக்கத்தில் பிடில் ஒலியாத மேடை அரிது. கடல் கடந்து வந்த அவ்வாத்தியத்தை நம் தெய்வ இசைக்கு உரியதாக்கியவர், தீக்ஷிதரின் இளைய சகோதரராகிய பாலுஸ்வாமி தீக்ஷிதர்.

அவர் 1786-ஆம் ஆண்டு திருவாரூரில் தோன்றினார். தந்தையார் ராமஸ்வாமி தீக்ஷிதர், ஹம்ஸத்வனி ராகத்தைத் தந்த மேதை. சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில் வாழ்ந்த முத்துக்கிருஷ்ண முதலியார் அழைக்க, குடும்பம் அங்கே குடியேறிற்று. அவருக்குப் பின் அவர் மைந்தர் சின்னையா முதலியாரும் தீக்ஷிதர் குடும்பத்தைக் குறைவின்றிப் புரந்தார்.

அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியம் முழங்கும். சகோதரர்கள் அதனைக் கேட்டனர். மூத்தவர் அந்த மெட்டுக்களுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். அவை நோட்டுஸ்வர சாஹித்யங்கள் என வழங்குகின்றன. இளையவரின் உள்ளமோ பிடிலின்மேல் சென்றது. சின்னையா முதலியார் ஐரோப்பியர் ஒருவரை ஆசிரியராக அமர்த்த, பாலுஸ்வாமி மூன்றாண்டுகள் பயின்றார்.

இசைக் குடும்பத்தில் பிறந்து வாய்ப்பாட்டிலும் வீணையிலும் தேர்ந்தவர், மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது எளிதன்று. பிடிலில் வீணையைப் போல் மெட்டுக்கள் இல்லை. விரலும் செவியுமே வழிகாட்டி. பாட்டுக்கு முன்பே சுருதி என்னும் சோதனை நிற்கிறது. மேனாட்டார் நான்கு தந்திகளையும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில், என்றும் மாறாத நாதங்களில் நிறுத்துவர். நம் சங்கீதமோ பாடுவோரின் ஆதார ஷட்ஜத்தைச் சார்ந்தது. ஆகவே நம் முறையில் அத்தந்திகள் தாழ்ந்ததிலிருந்து முறையே ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம் என அமைகின்றன.

புதிதாகக் கற்பவர் தம்பூராவின் நாதத்தைச் செவியில் நிறுத்தி, முதலில் ஷட்ஜத் தந்தியை அதனோடு இணைக்க வேண்டும். வில்லை ஒரே சீராக இழுத்துக்கொண்டே பிரடையைச் சிறுகச் சிறுகத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் தந்தி அறும். பின்னர் ஷட்ஜத்தைத் துணையாகக் கொண்டு பஞ்சமத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டும் பொருந்தாதவரை நாதத்தில் ஓர் அலைவு தோன்றும். பொருந்திய கணத்தில் அலைவு அடங்கி இரண்டும் ஒன்றாகும். நான்காவது தந்தியைக் கூட்டி முடிப்பதற்குள் முதல் தந்தி சற்றே இறங்கியிருக்கும். சலியாமல் மீண்டும் முதலிலிருந்து பார்ப்பவருக்கே சுருதி கைகூடும். இப்பொறுமையே பிடிலின் முதற்பாடம்.

அப்பாடத்தைக் கற்ற பாலுஸ்வாமி, மேனாட்டு மெட்டுக்களோடு நின்றுவிடவில்லை. நம் ராகங்களின் கமகங்களை அவ்வில்லில் வரவழைத்தார். பிற்காலத்தில் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக வீற்றிருந்தார். தம்பியைக் காண வந்த முத்துஸ்வாமி தீக்ஷிதர், 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் அவ்வூரிலேயே இறைவனடி சேர்ந்தார். தமையனாரின் கீர்த்தனைச் செல்வத்தைக் காக்கும் கடமை இளையவர்மேல் நின்றது. தம் மகள் வயிற்றுப் பேரராகிய சுப்பராம தீக்ஷிதரைச் சுவீகாரம் கொண்டு சங்கீதம் பயிற்றுவித்தார். அப்பேரர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியால் அக்கீர்த்தனைகள் ஸ்வரக் குறிப்போடு உலகிற்குக் கிடைத்தன. தீக்ஷிதரின் சீடரான தஞ்சை வடிவேலுவும் பிடிலில் புகழ் பெற்று, சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்தத்தாலான பிடிலைப் பரிசாகப் பெற்றார்.

கும்பாபிஷேகத்திற்கு முன் அஷ்டபந்தனம் சாத்தித் திருமேனியைப் பீடத்தில் அசையாமல் நிலைபெறச் செய்கிறோம். அதன் பின்னரே பூஜையும் விழாவும் சிறக்கின்றன. இசைக்குச் சுருதியும் அத்தகையதே. வாத்தியம் எந்நாட்டதாயினும், ஆதாரத்தில் நிலைத்த நாதம் ஆண்டவனுக்கு உரியதாகிறது. திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் ஈந்த அன்பர்களின் நெஞ்சமும் அவ்வாறே அண்ணாமலையார் திருவடியில் சுருதி கூடி நிற்பதாக. திருவருள் பெருகுக.