பெற்றோரை மன்னித்தார்... மகளை மன்னிக்கவில்லை! சார்லி சாப்ளினின் மாமனார் யூஜீன் ஓ'நீலின் சோகக் கதை

சார்லி சாப்ளினைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அவருடைய மாமனார் யார் தெரியுமா? 1936ல் இலக்கிய நோபல் வாங்கிய அமெரிக்க நாடக ஆசிரியர் யூஜீன் ஓ'நீல். மாமனாரை விட மருமகன் 6 மாதம்தான் இளையவர்!

பிறப்பிலேயே தொடங்கிய சோகம்

1888ல் நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் பிறந்தார் ஓ'நீல். அப்பா ஜேம்ஸ் ஊர் ஊராகப் போய் நடித்த பிரபல மேடை நடிகர். ஓ'நீல் பிறப்பதற்கு முன்பே அண்ணன் எட்மண்ட் கைக்குழந்தையாக தட்டம்மையில் இறந்துபோனார். மூத்த அண்ணன் ஜேமியிடம் இருந்து தொற்றிய நோய் அது.

ஓ'நீலைப் பெற்றபோது வலிக்காகக் கொடுக்கப்பட்ட மார்ஃபினுக்கு அம்மா அடிமையானார். தான் பிறந்ததால்தான் இப்படி ஆனது என்ற குற்ற உணர்வு மகனை விடவே இல்லை.

1912ல் அவரே தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டார். அந்த ஆண்டு இறுதியில் காசநோய் வேறு. சானடோரியத்தில் படுத்திருந்த மாதங்களில்தான் நாடகம் எழுதுவது என முடிவெடுத்தார்.

பூட்டி வைத்த நாடகம்

1920ல் அப்பா, 1922ல் அம்மா, 1923ல் குடியால் ஜேமி என அடுத்தடுத்து மரணங்கள். அவர்களோடு தன்னையும் சேர்த்து நால்வரின் கதையைத்தான் 1941ல் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகமாக எழுதி முடித்தார். ஒரே நாளில் நடக்கும் கதை. அதில் வில்லன் யாருமே கிடையாது. எல்லோருமே காயம்பட்டவர்கள்தான்.

தான் இறந்து 25 ஆண்டுகள் வரை அதை வெளியிடக் கூடாது என்றார். ஆனால் 1953ல் அவர் இறக்க, 1956லேயே மனைவி கார்லோட்டா வெளியிட்டுவிட்டார். மறு ஆண்டே புலிட்சர் விருது. அது ஓ'நீலுக்கு 4வது!

பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

1943ல் 18 வயது மகள் ஊனா, 54 வயது சாப்ளினைக் கல்யாணம் செய்துகொண்டார். கோபத்தில் உறவை அறுத்த ஓ'நீல், கடைசி வரை மகளைப் பார்க்கவே இல்லை. மூத்த மகன் 1950ல் தற்கொலை செய்துகொண்டார். போதைக்கு அடிமையான இளைய மகன் ஷேனுக்கும் 1977ல் அதே முடிவு.

பெற்றோரின் வலியைப் புரிந்துகொண்டு எழுதியவர், தன் மகளோடு மட்டும் கடைசி வரை பேசாமலே போய்விட்டார்.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள். உதவி எண்கள்: 104, டெலி மனாஸ் 14416)