பால் சபாத்தியே

விறகு எரிந்தால் சாம்பல் எஞ்சும். கரியமில வாயுவும் நீராவியும் காற்றிற் கலந்து மறையும். மறைந்த அவ்வாயுவை மீண்டும் அடுப்பில் எரியும் பொருளாக மாற்ற இயலுமா? இயலும் என ஆய்வினால் நிறுவிக் காட்டியவர் பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர் பால் சபாத்தியே ஆவார்.

தென் பிரான்சில் உள்ள கார்க்கசோன் என்னும் பழைய கோட்டை நகரில், 1854ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் அவர் பிறந்தார். பாரிசு நகரில் உயர்கல்வி பெற்று, 1877இல் முதல் மாணவராகத் தேறினார். பெர்த்தலோ என்னும் பேரறிஞரிடம் பணியாற்றி, 1880இல் டாக்டர் பட்டமும் பெற்றார். பின்னர்த் தென்னாட்டுக்கே திரும்பி, 1882இல் துலூஸ் நகரில் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். ஈராண்டில் பேராசிரியராக உயர்ந்தார்.

அந்நாளில் பாரிசைச் சேர்ந்த மொய்சான், மூரே என்னும் இருவர், அசெட்டிலீன் வாயுவை நிக்கல் தூளின்மேல் செலுத்தினர். கரி படிந்தது, வெளிவந்தது ஹைட்ரஜன் வாயுவே என அவர்கள் முடிவு செய்தனர். சபாத்தியேக்கு அம்முடிவில் ஐயம் எழுந்தது. எனினும், பிறர் உழுத வயலில் அறுவடை செய்ய அவர் விரும்பவில்லை. அவர்கள் அவ்வாய்வைத் தொடரப்போவதில்லை எனக் கேட்டறிந்த பின்னரே தாம் அதில் ஈடுபட்டார்.

1897இல், சாந்தெரான்சு என்னும் பாதிரியாருடன் சேர்ந்து, எதிலீன் வாயுவை நிக்கல் தூளின்மேல் செலுத்தினார். வெளிவந்த வாயுவைச் சோதித்தபோது, அதில் ஈதேன் மிகுந்திருந்தது. நிக்கலின் துணையால் ஹைட்ரஜன் எதிலீனோடு சேர்ந்திருந்தது, நிக்கலோ செலவாகவில்லை. இவ்வாறு தான் குறையாமல் பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்துவது வினையூக்கி எனப்படும்.

வாயுக்கள் நிக்கலின் மேற்பரப்பைச் சிறிது நேரம் பற்றி நின்று, பின்னர் விலகுகின்றன என அவர் விளக்கினார். பிடிப்பு மிகத் தளர்ந்தால் வினை நிகழாது. மிக இறுகினால் விளைபொருள் விலகாது. கந்தகம் சிறிதளவு கலந்தாலும் நிக்கல் தன் ஆற்றலை இழந்துவிடும்.

1902இல் அவ்விருவரும் கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் சூடான நிக்கலின்மேல் செலுத்தினர். மீதேன் என்னும் எரிவாயுவும் நீரும் கிடைத்தன. கழிவு எரிபொருளாயிற்று.

1907இல் மொய்சான் மறைந்தபின், பாரிசில் அவர் வகித்த பேராசிரியர் பதவி சபாத்தியேயைத் தேடி வந்தது. தலைநகரில் வாழ்வோரே பெருஞ்சிறப்புகளை எய்திய காலம் அது. ஆயினும் அவர் துலூசை விட்டு நீங்க மறுத்தார். 1912இல் நோபெல் பரிசு அவருக்கும் கிரிஞ்ஞார் என்பவருக்கும் வழங்கப்பெற்றது. பல்லாண்டு உடனுழைத்த சாந்தெரான்சுக்கு அதில் பங்கு கிட்டவில்லை. பாரிசுக்கு வெளியே வாழும் அறிஞர்களுக்கென அறிவியற் கழகம் புதிய இடங்களை ஏற்படுத்தியபோது, 1913இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சபாத்தியேயே. 1941ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள் துலூசிலேயே அவர் காலமானார்.

அவர் கண்ட முறை இன்றும் பயன் தருகிறது. விண்வெளி வீரர் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு நீர் பெறும் கருவி, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2010இல் பொருத்தப்பட்டது. 2013இல் செருமனியின் வெர்ல்டே என்னும் ஊரில், கரியமில வாயுவிலிருந்து மீதேன் ஆக்கும் ஆலை திறக்கப்பட்டது. ஆனால், இம்முறைக்கு வேண்டும் ஹைட்ரஜனை நிலக்கரியிலிருந்து எடுத்தால் காற்று மேலும் மாசுறும். கதிரவனும் காற்றும் தரும் மின்சாரத்தால் நீரைப் பகுத்து எடுத்தாலன்றி உண்மை நன்மை இல்லை. அதனை மலிவாகப் பெறும் வழியை அறிஞர் இன்றும் தேடுகின்றனர். பிறர் ஆராயாது விட்ட வாயுவைப் பொறுமையுடன் சோதித்த ஒருவர் தொடங்கிய பணி அது.