பெரியசாமித் தூரன்

கொங்கு நாட்டில், மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டு வலசு என்னும் சிற்றூரில், 1908-ஆம் ஆண்டு உழவர் குடியில் பிறந்தவர் பெரியசாமித் தூரன். இவர் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றார். 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட செய்தி கேட்டு உள்ளம் கொதித்தார். பட்டத் தேர்வை எழுத மறுத்தார். கைக்கெட்டிய பட்டத்தினும் நாட்டுப்பற்றே இவருக்குப் பெரிதாயிற்று.

தூரன் விரும்பி மேற்கொண்டது ஆசிரியத் தொழில். கோபிசெட்டிபாளையத்திலும், பின்னர்க் கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் பணிபுரிந்து, தலைமையாசிரியராக உயர்ந்தார்.

பழங்கலைகளோடு புதிய அறிவியலையும் ஒருங்கே விளக்கும் கலைக்களஞ்சியம் அந்நாளில் தமிழில் இல்லை. அக்குறையை நீக்க, அவினாசிலிங்கம் செட்டியார் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம் முற்பட்டது. 1948-இல் பள்ளிப் பணியை விடுத்துத் தூரன் அதன் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனார். துறைதோறும் வல்லுநரை நாடிக் கட்டுரை பெறுதல், ஏற்ற கலைச்சொல் காணுதல், யாவற்றையும் எளிய நடையில் அமைத்தல் ஆகிய அரும்பணிகள் அவரை எதிர்நோக்கின. முதல் தொகுதி 1954-இலும், பத்தாம் தொகுதி 1968-இலும் வெளிவந்தன. அத்துடன் அவர் ஓய்ந்தாரல்லர். சிறுவர்க்கெனக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாக 1976-க்குள் முடித்தார்.

இந்திய அரசு 1968-இல் 'பத்மபூஷண்' விருது அளித்தது. இசைப்பாடல்கள் பல இயற்றிய இவரைத் தமிழ் இசைச் சங்கம் 'இசைப் பேரறிஞர்' எனப் போற்றியது. 1987-இல் தூரன் மறைந்தார்.

முன்பு ஒரு பள்ளியின் மாணவர்க்கு ஆசிரியராய் இருந்தவர், களஞ்சியத்தின் வாயிலாகத் தமிழ் கற்பார் அனைவர்க்கும் ஆசிரியரானார். தேடாமல் வந்த சிறப்புகள் அவர் உழைப்பின் பயனே ஆகும்.