இலவச ஆபரேஷனுக்கும் ஏன் ஆட்கள் வரல? கிராமம் கிராமமா பதில் தேடிய மதுரை கண் டாக்டர் வெங்கடசாமியின் கதை

அவனியாபுரம்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் பொங்கல் அன்னைக்கு நடக்கும் ஜல்லிக்கட்டுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா அதே ஊர்ல, 70 வயசைத் தாண்டின ஒருத்தர்கிட்ட கண்புரை ஆபரேஷன் எங்க பண்ணீங்கன்னு கேட்டுப் பாருங்க. வைகையைத் தாண்டி அண்ணா நகர் பக்கம் கை காட்டுறவங்க நிறைய பேர் இருப்பாங்க. அங்கே இருப்பது அரவிந்த் கண் மருத்துவமனை.

அந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியை பல பேருக்குத் தெரியும். ஆனால் அவர் ஆபரேஷன் மட்டும் செய்தவர் இல்லை. ஆபரேஷன் இலவசம் என்று அறிவித்த பிறகும் பார்வை இழந்தவர்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வியை அவரும் அவர் உருவாக்கிய குழுவும் விடவே இல்லை. அந்தத் தேடலைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம்.

யார் இந்த 'டாக்டர் வி'?

1918 அக்டோபர் 1-ம் தேதி, எட்டயபுரம் அருகே உள்ள அயன் வடமலாபுரம் என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் வெங்கடசாமி. வீட்டில் மூத்த பிள்ளை. ஆரம்பத்தில் ஊரில் ஒழுங்கான பள்ளிக்கூடம்கூட கிடையாது. ஆற்று மணலில் எழுதிப் பழகியவர், பிறகு நடந்தே போய்ப் படித்தார்.

அவர் சிறுவனாக இருந்தபோது, உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் அடுத்தடுத்து பிரசவ காலத்தில் இறந்து போனார்கள். ஊரில் டாக்டர் இல்லை. பக்கத்தில் ஆஸ்பத்திரியும் இல்லை. பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்ற ஆசை அவருக்கு அப்போதுதான் வந்தது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். அடுத்து ராணுவத்தில் டாக்டர் வேலை.

மடங்கிப்போன விரல்கள்

முப்பது வயதை நெருங்கும்போது கடுமையான முடக்குவாதம் தாக்கியது. 1948-ல் ராணுவத்தில் இருந்து வெளியே வர வேண்டியதாயிற்று. நீண்ட காலம் படுத்த படுக்கை. எழுந்து நடமாடத் தொடங்கியபோது கை விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் போயிருந்தன.

மணிக்கணக்கில் நின்று பிரசவம் பார்க்க இனி முடியாது. அந்தக் கனவு அங்கேயே முடிந்தது. அதனால் கண் மருத்துவத்துக்கு மாறினார். ஆனால் அதுவோ மில்லிமீட்டர் கணக்கில் கத்தி பிடிக்க வேண்டிய வேலை! தன் விரல்களுக்குப் பொருந்துகிற மாதிரி கருவிகளை அமைத்துக்கொண்டு பழகினார். பழகிப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் ஆபரேஷன்களை அந்தக் கைகளாலேயே செய்தார்.

பெரியாஸ்பத்திரியில் 20 வருஷம்

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். கூடவே எர்ஸ்கின் மருத்துவமனையில், அதாவது இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனையில் கண் அறுவை சிகிச்சை நிபுணர் வேலை. மதுரைக்காரங்க பாஷையில் சொன்னா, பெரியாஸ்பத்திரி. அங்கே சுமார் 20 வருஷம்.

அங்கே அவர் கவனித்த ஒரு விஷயம்தான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் தொடக்கம். வரிசையில் நிற்பவர்கள் எப்படியோ வந்து சேர்ந்தவர்கள். அதைவிட அதிகமானவர்கள் கிராமத்துத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கண்புரையால் பார்வை போனால், வயசாகிடுச்சு, அவ்வளவுதான் என்று குடும்பமே ஏற்றுக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அது ஒரு சின்ன ஆபரேஷனில் சரியாகிற விஷயம்.

அவர்கள் வரவில்லை என்றால் நாம் போக வேண்டியதுதானே? 1960-களில் கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தத் தொடங்கினார். 1965-ல் சர் ஜான் வில்சனைச் சந்தித்தார். வில்சன் சிறு வயதில் பள்ளி ஆய்வக விபத்தில் பார்வை இழந்தவர், பார்வையற்றோருக்கான பிரிட்டன் அமைப்பு ஒன்றின் தலைவர். அந்த நட்பும் உதவியும் முகாம்களைப் பெரிதாக்கின. 1973-ல் வெங்கடசாமிக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கீரை இருந்தும் குருடான குழந்தைகள்

முகாம்களில் இன்னொரு அதிர்ச்சி. பார்வை போனவர்களில் சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள். காரணம் வைட்டமின் ஏ குறைபாடு. முதலில் மாலைக்கண், கவனிக்காமல் விட்டால் கருவிழியே கெட்டுப்போகும். முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் கிடைக்கிற ஊரில் இந்த நிலைமை.

1970-களின் தொடக்கத்தில் இந்தக் குழந்தைகளுக்காக மதுரையில் ஒரு ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் வந்தது. சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல், அம்மாக்களுக்கு சமையல் சொல்லித் தந்து, சாப்பாட்டின் மூலமே நோயைத் தடுக்கும் முயற்சி அது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கண் ஆராய்ச்சி செய்துவந்த ஆன்டனெட் பிரி என்ற விஞ்ஞானியும் இந்த வேலையில் வெங்கடசாமியோடு கைகோத்தார்.

பின்னாளில் அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையில் திருச்சி மாவட்டத்தில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட 15,419 குழந்தைகள். ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை சின்ன அளவில் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில், அந்தப் பிரிவில் குழந்தை இறப்பு மற்ற பிரிவைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. 1990-ல் வெளியான அந்த முடிவு உலக அளவில் பேசப்பட்டது. கண்ணைக் காப்பாற்றப் போய் உயிரையே காப்பாற்ற முடியும் என்று தெரிந்தது.

11 படுக்கையில் தொடங்கிய ஆஸ்பத்திரி

1976-ல் அரசுப் பணியில் இருந்து ஓய்வு. பேரன் பேத்தியோடு இருக்க வேண்டிய வயது என்று சொல்வார்கள். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதே வருஷம் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தர் மீதான பற்றால் வைத்த பெயர் அது.

வீட்டை அடமானம் வைத்தார்கள். குடும்பத்துப் பெண்களின் நகைகளும் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் ஜி. நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் பி. நம்பெருமாள்சாமியும் டாக்டர்களாகக் கூட நின்றார்கள். சிவில் இன்ஜினியரான தம்பி ஜி. சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார்.

முறை ரொம்ப எளிமையானது. பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பார்கள். அந்த வருமானத்தில் மற்றவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ ஆபரேஷன் நடக்கும். டாக்டரின் நேரம் வீணாகாதபடி, மற்ற எல்லா வேலைகளுக்கும் கிராமத்துப் பெண்களைத் தேர்வு செய்து பயிற்சி கொடுத்தார்கள். நாச்சியார் முன்னின்று நடத்திய இந்தப் பயிற்சியில் உருவான பெண்கள்தான் இன்றுவரை அந்த மருத்துவமனையின் முதுகெலும்பு.

இலவசம்தான், ஆனா பஸ்ஸுக்கு காசு?

இதற்குப் பிறகும் பழைய கேள்வி அப்படியே நின்றது. ஆபரேஷன் இலவசம். அப்புறமும் ஏன் வரல?

பதிலை ஊகிக்காமல், ஆய்வாகவே செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையோடு சேர்ந்து 90 கிராமங்களில் சுமார் 19,000 பேரிடம் நடந்த ஆய்வு அது. சில ஊர்களில் செலவில் ஒரு பகுதி மட்டும் இலவசம். சில ஊர்களில் பயணம், சாப்பாடு உட்பட முழுச் செலவும் இலவசம். ஏற்கெனவே ஆபரேஷன் செய்து பார்வை பெற்றவர்களையே வீடு வீடாக அனுப்பிப் பேச வைப்பதும் ஆய்வில் ஒரு வழியாக இருந்தது. 1991-ல் வெளியான முடிவின்படி, முழுச் செலவையும் ஏற்ற இடங்களில்தான் அதிகம் பேர் முன்வந்தார்கள்.

பஸ் கட்டணம், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கான சாப்பாடு, கூட வருபவரின் கூலி இழப்பு. இது எல்லாம் சேரும்போது, இலவச ஆபரேஷன் ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்துக்கு இலவசமே இல்லை.

லண்டனில் உள்ள பொது சுகாதாரக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வு 1999-ல் வெளியானது. கண் பிரச்னை உள்ள கிராமத்து மக்களில் முகாமுக்கு வந்தவர்கள் 100-க்கு 7 பேருக்கும் குறைவு! செலவு, பயம், கூட்டிப்போக ஆள் இல்லாதது, வீட்டு வேலைப் பொறுப்பு, இந்த வயசில் எதுக்கு என்ற எண்ணம் எனப் பல காரணங்கள் தெரிய வந்தன.

தங்கள் முகாம் தோற்கும் இடத்தைத் தாங்களே அளந்து, அதை வெளியிலும் சொன்னார்கள். அதைவிட முக்கியம், சேவையை மாற்றினார்கள். முகாமில் பரிசோதனை மட்டும் நடக்கும். ஆபரேஷன் தேவைப்படுபவர்களை பஸ்ஸில் மருத்துவமனைக்கே அழைத்துப்போய், தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, திரும்ப ஊரில் விடும் முறை நிலைபெற்றது. 2004 முதல் தேனி போன்ற பகுதிகளில் ஊருக்குப் பக்கத்திலேயே நிரந்தரப் பார்வை மையங்கள் வந்தன. அங்கிருந்தபடியே வீடியோவில் டாக்டரிடம் பேச, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்ட தூர வைஃபை இணைப்பை அமைத்துத் தந்தார்கள்.

சோடாபுட்டி கண்ணாடிக்கு விடை

ஏழைக்கு சோடாபுட்டி கண்ணாடி, வசதி உள்ளவருக்கு கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ். ஒரு காலத்தில் இதுதான் நிலைமை. வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை சுமார் 100 டாலர். 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், அதே லென்ஸை சுமார் 10 டாலருக்குத் தயாரித்தது. அதன் பிறகு அந்த லென்ஸ் இலவசப் பிரிவு நோயாளிகளுக்கும் எட்டியது.

2006 ஜூலை 7-ம் தேதி, 87 வயதில் வெங்கடசாமி காலமானார். அதற்குள் தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என அரவிந்த் பரவியிருந்தது. 2018-ல் அவரது நூற்றாண்டு பிறந்தநாளில் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வைத்தது.

அவர் தேடிய கேள்வி மட்டும் இன்னும் முடியவில்லை. உங்க வீட்டிலோ தெருவிலோ, சுவரைத் தடவி நடக்கிற பாட்டி தாத்தா யாராவது இருக்காங்களா? ஆபரேஷன் எங்கே இலவசம்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கலாம். கூட்டிட்டுப் போக ஆள் இருக்கான்னு ஒருமுறை கேட்டுப் பாருங்க.